3,500 சொல் மனப்பாடம் செய்தும் மெயிலில் மானம் போனது: ஆங்கிலச் சொல்வளத்தை எப்படித்தான் வளர்ப்பது?

திண்டுக்கல்_பூட்டு:

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். எட்டு வருட சர்வீஸ். பையரோடு (எங்களுக்கு ஆர்டர் கொடுத்துத் துணி வாங்குகிறவர்) மெயில், வீடியோ கால் எல்லாம் ஓடுகிறது. யாரும் என் ஆங்கிலத்தைக் குறை சொன்னதில்லை. ஆனால் நான் எழுதியதை நானே திரும்பப் படித்தால் அலுப்பாக இருக்கிறது. நல்லதெல்லாம் 'குட்', கெட்டதெல்லாம் 'இஷ்யூ', கடைசியில் ஒரு 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்'. எட்டு வருடமாக இதே மூன்று பாத்திரத்தில்தான் சமையல்.

போன தீபாவளிக்கு ஒரு முடிவெடுத்தேன். நெட்டில் 3,500 சொல் இருக்கிற ஒரு லிஸ்ட் கிடைத்தது. ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு, தினம் 30 சொல் என்று ஆரம்பித்தேன். ஏ-யில் தொடங்கி ஈ முடிகிற வரை வந்துவிட்டேன்.

அங்கேதான் விழுந்தேன். பையரின் டிசைனர் அடுத்த சீசன் கலெக்ஷனை வீடியோ காலில் விளக்கிக் காட்டினார். அருமையாக இருந்தது. நன்றி மெயிலில் 'வீ வேர் ட்ரூலி எனர்வேட்டட் பை யுவர் பிரசென்டேஷன்' என்று எழுதினேன். எனர்ஜி கொடுத்தது என்று நினைப்பு. 'அடுத்த முறை சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்' என்று ஒரே வரியில் பதில் வந்தது, கூடவே ஒரு சிரிப்பு பொம்மை. டிக்‌ஷனரியைப் பார்த்தால், சோர்ந்து துவண்டுபோவது என்று போட்டிருக்கிறது. மேனேஜர் சிசி-யில் இருந்தார்.

எனக்குப் பரீட்சை எதுவும் இல்லை. ஆபீஸ் வேனில் போக வர 40 நிமிடம் கிடைக்கும். எந்த லிஸ்ட், எந்த ஆப், எந்தப் புத்தகம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

காலை_காபி:

தினமும் இங்கிலீஷ் பேப்பர் தலையங்கம் படியுங்கள். தானாக வரும்.

திண்டுக்கல்_பூட்டு:

காலேஜ் முதல் வருஷத்திலிருந்து எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள் சார். படித்தேன். எனக்குப் பொருளாதாரம் கொஞ்சம் புரிய ஆரம்பித்தது, அவ்வளவுதான்.

பழைய_லெட்ஜர்:

அம்மா, உங்கள் நன்றி மெயிலை நினைத்து வீட்டில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மன்னிக்கவும். சிரித்ததற்குப் பரிகாரமாக நான் வாங்கிய அடியையும் சொல்லிவிடுகிறேன்.

மதுரையில் வக்கீல்களுக்குத் தமிழ் ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, கீழ்க்கோர்ட்டில் சாட்சி தமிழில் சொன்னது எல்லாம் ஐகோர்ட்டுக்கு ஆங்கிலத்தில் போக வேண்டும். 31 வருடமாக இதுதான் பிழைப்பு. 2004-இல் ஐகோர்ட் கிளை இங்கேயே வந்தது. அதற்கு முன்பெல்லாம் கட்டைக் கட்டிச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிடுவோம்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நிலத் தகராறு. விற்றவர் கூண்டில் ஏறி, முன்பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டார். நான் 'கன்ஃபெஸ்டு' என்று டைப் செய்துவிட்டேன். சீனியர் வக்கீல் அந்தத் தாளை என் முன்னால் போட்டு, "இவன் முன்பணம் வாங்கினானா, கொலை பண்ணினானா?" என்று கேட்டார். கன்ஃபெஷன் என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது. சிவில் வழக்கில் வருவது அட்மிஷன். சாட்சியச் சட்டமே இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. எனக்கு இரண்டு சொல்லும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் இருந்த வேலிதான் தெரியாது.

அன்று சாயங்காலம் ஒரு நீள லெட்ஜர் வாங்கினேன். முதல் பக்கத்தின் தலையில் 'ஒப்புக்கொள்' என்று தமிழில் எழுதினேன். அதன் கீழே கிடைத்ததையெல்லாம் இறக்கினேன். விலைக்குச் சம்மதித்தால் அக்ரீ. உண்மைதான் என்று வாயால் சொன்னால் அட்மிட். கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிவிட்டு, சரி, இந்த ஒரு பாயிண்டை விட்டுத்தருகிறேன் என்றால் கன்ஸீட். பணம் வந்து சேர்ந்தது என்று கையெழுத்துப் போட்டால் அக்னாலெட்ஜ். ஆபரேஷனுக்குத் தலையாட்டினால் கன்சென்ட். நமக்கு ஒரே சொல், அவர்களுக்கு ஐந்தாறு. உங்கள் ஸ்பைரல் புத்தகத்தில் இதில் எதுவாவது இருந்திருந்தால், தெரிந்ததுதானே என்று தாண்டிப் போயிருப்பீர்கள். எனக்கென்னவோ மேல்நிலை ஆங்கிலம் என்பது இந்தத் தாண்டிப்போகும் சொற்களில்தான் இருக்கிறது. யாருக்கும் தெரியாத சொல்லைத் தெரிந்துவைத்து என்ன செய்ய?

'சொன்னார்' என்ற சொல்லுக்கு மட்டும் என் லெட்ஜரில் இரண்டு பக்கம் போயிருக்கிறது. செட், ஸ்டேட்டட், கிளெய்ம்டு, அலெஜ்டு, கன்டெண்டட், மெயின்டெய்ன்டு. 'கிளெய்ம்டு' என்று போட்டால், எழுதுகிறவனுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்கிற வாடை அடிக்கும். 'மெயின்டெய்ன்டு' என்றால் குறுக்கு விசாரணையில் எத்தனை முறை கேட்டாலும் அதையேதான் சொன்னார் என்று அர்த்தம். சாட்சி நிற்கிற தோரணையே அந்த ஒரு சொல்லில் வந்துவிடும்.

அப்புறம், சொல்லைத் தனியாக எழுதாதீர்கள். அது யாரோடு வருகிறது என்று சேர்த்து எழுதுங்கள். கொடுங்காயத்துக்குச் சட்டத்தில் 'கிரீவஸ் ஹர்ட்'. (பாதிப் பேர் 'கிரீவியஸ்' என்கிறார்கள். இல்லாத ஒரு 'இ'யை நுழைத்து எழுதவும் செய்கிறார்கள்.) அந்த கிரீவஸைக் கொண்டுபோய்த் தாமதத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் உட்காராது. அப்பீல் போடக் கெடு தாண்டினால், எதிர்க்கட்சி வக்கீல் வழக்கமாக எழுதுவது 'இனார்டினேட் டிலே'. சொற்களுக்கும் சம்பந்தி வீடு உண்டு. எங்கே பெண் கொடுக்கும், எங்கே கொடுக்காது என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் தொழிலிலேயே ஒன்று. என் மருமகன் ஈரோட்டில் டையிங் யூனிட்டில் இருக்கிறார், அதனால் இந்தப் பேச்செல்லாம் காதில் விழும். லேப் டிப்புக்கும் (முதலில் சாயம் போட்டுக் காட்டுகிற சாம்பிள் துண்டு) மொத்தமாகச் சாயம் போட்ட பல்க் துணிக்கும் ஷேடு கொஞ்சம் மாறிவிட்டது. அந்தக் 'கொஞ்சம்' என்பதை எப்படி எழுதுவீர்கள்? 'ஸ்லைட்' என்றால் மாற்றம் இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான். 'மைனர்' என்றால் பெரிய பாதகம் இல்லை. 'நெக்லிஜிபிள்' என்றால் கண்டுகொள்ளவே தேவையில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் பையர். நீங்கள் முந்திக்கொண்டு சொன்னால் அவருக்குச் சுருக்கென்று இருக்கும்.

புத்தகம் எதற்கு? எட்டு வருடமாக பையர்கள் எழுதிய மெயில் இன்பாக்ஸில் கிடக்கிறதே. தேடும் பெட்டியில் 'டிலே' என்று அடியுங்கள். அவர்கள் அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் என்ன போடுகிறார்கள் என்று வேனில் போகும்போது பாருங்கள்.

அட்டைப்பெட்டி:

ஐயா சொல்வது அழகுதான். ஆனால் அவருக்கு 31 வருடம் இருந்தது. எனக்கு ஜிஆர்இ-க்கு (வெளிநாட்டில் மேல்படிப்புக்கு எழுதுகிற பரீட்சை) நாலு மாதம்தான் இருந்தது. அதனால் லிஸ்டுக்காக ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போகிறேன்.

தினம் 30 என்றதுதான் அக்கா செய்த தப்பு. ஞாபகம் எப்படி நழுவுகிறது என்று எபிங்ஹாஸ் என்கிற ஜெர்மன்காரர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து அளந்து, 1885-லேயே எழுதி வைத்துவிட்டார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடும். மறக்கப் போகிற நேரம் பார்த்துத் திரும்பப் பார்த்தால், அடுத்த முறை மறக்க இன்னும் நாளாகும். இதை வைத்து லைட்னர் என்பவர் 1972-இல் ஓர் அட்டைப்பெட்டி முறை சொன்னார். நான் அதைத் தீபாவளி ஸ்வீட் பெட்டியில் செய்தேன். உள்ளே ஐந்து தடுப்பு. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தப்பாகச் சொன்னது முதல் அறைக்கே திரும்பி வரும். முதல் அறை தினமும், இரண்டாவது ஒரு நாள் விட்டு ஒரு நாள், கடைசி அறை மாதம் ஒருமுறை. பெட்டியில் எறும்பு வந்ததும் போனில் இருக்கிற ஆங்கி ஆப்புக்கு மாறினேன். வேலை ஒன்றுதான், கணக்கை அது வைத்துக்கொள்கிறது.

தினம் 10 புதிய அட்டை. அதற்கே மூன்றாவது மாதத்தில், தினம் 90 பழைய அட்டை வந்து வாசலில் நிற்கும். தினம் 30 போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் ஐயாவுக்கு விட்டுத்தருகிறேன் (கன்ஸீட்!). 2011-இல் ஜிஆர்இ-யே எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளைத் தூக்கிவிட்டது. இப்போது வாக்கியத்தில் விட்ட இடத்தை நிரப்ப வேண்டும். அதனால் அட்டையின் முன்பக்கம் தனிச் சொல்லை எழுதாமல், சொல் இருக்கிற இடத்தைக் காலியாக விட்டு முழு வாக்கியத்தை எழுதுங்கள்.

நெல்லை_லெக்சரர்:

காலேஜில் இங்கிலீஷ் எடுக்கிறேன். அந்த 'எனர்வேட்' பற்றி மட்டும் சொல்ல வந்தேன், கொஞ்சம் நீண்டுவிட்டது.

லத்தீனில் 'நெர்வஸ்' என்றால் நரம்பு, தசைநார். முன்னால் இருக்கிற 'ஈ' வெளியே எடுப்பதைக் குறிக்கும். ஆக நரம்பை உருவிவிட்டது என்று அர்த்தம். 'நாடி நரம்பெல்லாம் தளர்ந்து போச்சு' என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதேதான். இனி உங்களுக்கு இந்தச் சொல் மறக்காது. ஆனால் வேர்ச்சொல் என்பது தெரிந்த சொல்லை நிறுத்திவைக்க உதவும், தெரியாத சொல்லை ஊகிக்க நம்பக்கூடாது. 'இன்ஃப்ளேமபிள்' என்று டாங்கர் லாரியில் பார்த்தால், 'இன்' வந்ததால் தீப்பிடிக்காது என்று பீடி பற்றவைத்துவிட முடியுமா? 'பெடஸ்ட்ரியன்' என்பதில் இருப்பது லத்தீன் கால். 'பீடியாட்ரிக்ஸ்' என்பதில் இருப்பது கிரேக்கக் குழந்தை. காதுக்கு ஒட்டினாற்போல இருக்கும், உறவு கிடையாது.

லெட்ஜர் ஐயா இன்பாக்ஸில் தேடச் சொன்னாரே, அதையே பெரிய அளவில் செய்து ஓர் அகராதி போட்டிருக்கிறார்கள். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேரும் அவர் குழுவும் கோடிக்கணக்கான சொற்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எந்தச் சொல் எதோடு வருகிறது என்று பார்த்து, 1987-இல் வெளியிட்ட கோபில்ட் அகராதி அது. அர்த்தத்தையே முழு வாக்கியமாகத்தான் கொடுக்கும். இப்படிக் கற்பவர்களுக்கென்றே எழுதிய அகராதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வெறும் தமிழ் அர்த்தம் மட்டும் போட்ட அகராதி 'ஒப்புக்கொள்' என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிடும்.

லிஸ்ட் இல்லாமல் கை நடுங்குகிறது என்றால், அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட அகடமிக் வேர்ட் லிஸ்ட் இருக்கிறது. 570 சொற்குடும்பம்தான். கன்சிஸ்டன்ட், அடிக்வட், சப்ஸிக்வன்ட், பிரிலிமினரி என்று போகும். நீங்கள் பாதியை ஏற்கெனவே படித்தால் புரிந்துகொள்வீர்கள், ஆனால் எழுதும்போது கைக்கு வராது. அந்தப் பாதியைக் கைக்குக் கொண்டுவருவதுதான் உங்கள் வேலை. ஈ வரை வந்த ஸ்பைரலை எடைக்குப் போட்டுவிடலாம்.

திண்டுக்கல்_பூட்டு:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி. ஸ்பைரலின் பின்பக்கம் வெற்றாக இருந்தது, அதையே லெட்ஜர் ஆக்கிவிட்டேன். தலைகீழாகத் திருப்பிப் பிடித்து எழுதுகிறேன்.

முதல் பக்கம் 'தாமதம்'. இன்பாக்ஸில் தேடியதும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நான் எப்போதும் 'தேர் இஸ் எ டிலே' என்றுதான் எழுதியிருக்கிறேன், ஏதோ மழை பெய்வதுபோல. பையர்கள் அப்படி எழுதுவதில்லை. 'ஸ்லிப்டு பை ஃபோர் டேஸ்', 'ரன்னிங் பிஹைண்ட்', 'ஓவர்டியூ', 'புஷ்டு பேக்' என்று விதவிதமாக இருக்கிறது. தேதி தானாக நழுவினால் ஸ்லிப், யாரோ தள்ளிவைத்தால் புஷ் பேக். பணம் கட்டாமல் கெடு தாண்டினால் ஓவர்டியூ. ஒரு சொல்கூட எனக்குப் புதிதில்லை. இப்போது 14 பக்கம் ஆகியிருக்கிறது. இனார்டினேட் டிலே-யை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன், பயன்படுத்துகிற நிலைமை வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு.

ஐயாவுக்கு ஒரு கேள்வி. 'வருத்தம்' பக்கத்தில் நிற்கிறேன். ஷிப்மென்ட் ஆறு நாள் தள்ளிப் போகிறது. 'வீ ரிக்ரெட்' என்பதா, 'வீ அப்பாலஜைஸ்' என்பதா?

பழைய_லெட்ஜர்:

நல்ல இடத்தில்தான் நிற்கிறீர்கள். நடந்தது வருத்தத்துக்குரியது என்பது ரிக்ரெட். அதில் யார் தப்பு என்ற பேச்சே இருக்காது. அதனால்தான் பெரிய நிறுவனங்களின் அறிவிப்பெல்லாம் 'ரிக்ரெட் த இன்கன்வீனியன்ஸ்' என்று முடிகிறது. அப்பாலஜைஸ் என்றால் தப்பு நம்முடையது என்று தோளில் வாங்கிக்கொள்வது. 'சாரி' இரண்டுக்கும் வரும், துக்க வீட்டுக்கும் வரும். தாமதம் யாரால் வந்தது?

திண்டுக்கல்_பூட்டு:

பிரின்டிங் எங்கள் யூனிட்டில்தான் நின்றது. ஆனால் மேனேஜர் 'ரிக்ரெட்' என்றே போடச் சொன்னார். போட்டேன்.

பையர் ஒத்துக்கொள்ளவில்லை. 40 பெட்டி ஏர்-இல் போகிறது, செலவு எங்கள் கணக்கில். இந்த 'ஒத்துக்கொள்ளவில்லை'க்கு அவர் போட்ட சொல் 'அன்அக்ஸப்டபிள்'. பக்கம் 15.