டெம்போரல் ஸ்பயரில் மூட்டை காலியாகிறது, டியால்காவிடம் டீம் நிற்பதில்லை

கேட்டவர்: படிக்கட்டுத்தேடி

போக்கிமான் மிஸ்டரி டன்ஜன், எக்ஸ்ப்ளோரர்ஸ் ஆஃப் ஸ்கை. ஹீரோ சிம்சார் லெவல் 36, பார்ட்னர் பிப்லப் லெவல் 35. டெம்போரல் டவரின் 13 தளமும் சிரமமில்லாமல் முடிகிறது. அதற்கு மேல் உள்ள ஸ்பயரின் 10 தளங்களில்தான் சிக்கல். ஒரு மான்ஸ்டர் ஹவுஸ் (எதிரிகள் கூட்டமாக வந்து விழும் அறை) வந்தாலே 2, 3 ரிவைவர் சீட் (விழுந்தவரை எழுப்பும் விதை) போய்விடுகிறது. மேலே ஏறும்போது மிஞ்சுவது ஒரு சீட், நாலு ஓரான் பெர்ரி. உச்சியில் நிற்கும் பாஸ் டியால்காவின் ரோர் ஆஃப் டைம் தாக்குதல் இரண்டு தடவை விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

சிம்சாரிடம் எம்பர், ஃப்ளேம் வீல், ஃப்யூரி ஸ்வைப்ஸ், நாஸ்டி ப்ளாட். பிப்லப்பிடம் பபிள்பீம், பெக், பைட் (Bide), மிஸ்ட். லெவல் ஏற்றுவதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில் 1: சந்துமுனை

லெவல் போதும். சீட் கரைவது நிற்கும் இடத்தால்தான், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

இந்த விளையாட்டில் சுவர் மூலையைத் தாண்டி குறுக்காக அடிக்க முடியாது. எதிரிக்கும் அதே விதிதான். அறைக்கு நடுவில் நின்றால் எட்டுப் பக்கமும் எதிரி. சந்துக்குள் நின்றால் முன்னால் ஒரே ஒருவன். மான்ஸ்டர் ஹவுஸ் இசை கேட்ட உடனே வந்த சந்துக்குத் திரும்பிவிடுங்கள். வாசல் கட்டத்திலேயே நின்றுவிடாதீர்கள், இரண்டு கட்டமாவது உள்ளே போங்கள். அறை முழுக்கப் பாயும் தாக்குதல்கள் வாசலில் நிற்பவரையும் தொடும், உள்ளே தள்ளி நிற்பவரைத் தொடாது.

இங்கே பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. நீங்கள் அறைக்குள் நுழையும்போது பார்ட்னர் உங்களுக்குப் பின்னால் சந்தில் நிற்கும். பின்வாங்க ஒரு கட்டம் நகர்ந்தால் இருவரும் இடம் மாறிக்கொள்வீர்கள். இப்போது சிம்சார் உள்ளே, பிப்லப் வாசலில், மொத்தக் கூட்டமும் பிப்லப் மேல். கதை முடியும்வரை பார்ட்னர் விழுந்தாலும் தோல்விதான், ஆகவே பெரும்பாலான சீட் இந்த இடத்தில்தான் போகிறது. பிப்லப்பின் ஹெச்பி (உயிர் அளவு) பாதிக்கு இறங்கியதும் அதை நோக்கி ஒரு அடி வையுங்கள். மறுபடி இடம் மாறும், சிம்சார் முன்னால் வரும். அதற்கு ஒரு டர்ன் செலவு, ஒரு சீட் மிச்சம். பின்னால் போன பிப்லப்புக்கு அடுத்த டர்னில் ஓரான் கொடுங்கள், 100 ஹெச்பி ஏறும்.

மூட்டையில் ஸ்லம்பர் ஆர்ப் (அறையிலுள்ள எதிரிகளைத் தூங்கவைக்கும்) இருந்தால் எதிரிகள் நெருங்குவதற்கு முன்பே, அறைக்குள் நிற்கும் அந்த முதல் டர்னிலேயே உடையுங்கள். சந்துக்குள் வந்தபிறகு பயன்படுத்தினால் வீண்.

எஸ்கேப் ஆர்ப் ஒன்று கட்டாயம் வேண்டும். தோற்றால் கையிலிருக்கும் பணம் முழுதும் போகும், மூட்டையிலும் இழப்பு. எஸ்கேப் ஆர்ப்பில் வெளியேறினால் எதுவும் போகாது. பணத்தைப் புறப்படும் முன்பே டஸ்கல் பேங்கில் போட்டுவிடுங்கள், டவருக்குள் அதற்கு எந்த வேலையும் இல்லை.

பதில் 2: ஒருகட்டம்

மேலே சொன்னது சரி. டியால்கா பற்றி நான் சேர்க்கிறேன், ஏனென்றால் உங்கள் மூவ் பட்டியலைப் பார்த்தாலே காரணம் தெரிகிறது.

டியால்கா ஸ்டீல், டிராகன் இரண்டும் கலந்த வகை. ஸ்டீல் மேல் ஃபயர் இரட்டிப்பாக விழும், டிராகன் அதைப் பாதியாக்கும், மொத்தத்தில் சாதாரண அடி. வாட்டர் பாதிதான். பெக், ஃப்யூரி ஸ்வைப்ஸ் இரண்டையும் ஸ்டீல் தாங்கிக்கொள்ளும். இரட்டிப்பாக விழுபவை ஃபைட்டிங், க்ரவுண்ட் இரண்டு மட்டும். உங்கள் எட்டு மூவில் அந்த இரண்டும் இல்லை.

சிம்சார் ஃபைட்டிங் வகை பிரிக் பிரேக்கை டிஎம் (மூவ் கற்பிக்கும் பொருள்) வழியாகக் கற்கும், க்ரவுண்ட் வகை டிக் டிஎம்மும் கற்கும். டிக் பிப்லப்பும் கற்கும். கெக்லியான் கடையின் சரக்கு மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு வேலை முடிந்ததும் எட்டிப் பாருங்கள். ஃப்யூரி ஸ்வைப்ஸை எடுத்துவிட்டு பிரிக் பிரேக் வையுங்கள். டிஎம் ஒருமுறைக்குத்தான், அதன்பின் யூஸ்ட் டிஎம் ஆகிவிடும். ரீசைக்கிள் ஆர்ப் இருந்தால் திரும்பப் புதிதாக்கலாம், ஆகவே ஒரே டிக் டிஎம்மை இருவருக்கும் கற்பிக்க முடியும்.

அடுத்தது பிப்லப்பின் பைட், மிஸ்ட். மூவ் பட்டியலைத் திறந்து இரண்டையும் அணைத்துவிடுங்கள். அணைத்த மூவை பார்ட்னர் தானாகப் பயன்படுத்தாது. பைட் போட்டுவிட்டுப் பொறுத்துக்கொண்டு நிற்கும் டர்ன்களில்தான் ரோர் ஆஃப் டைம் வந்து விழும். பிப்லப் கையில் க்ரேவலராக் கட்டு ஒன்றைக் கொடுங்கள். அது வளைந்து போய் விழும், நடுவில் சிம்சார் நின்றாலும் தடையில்லை. பார்ட்னர் தானே எடுத்து எறியும்.

சண்டையில் வரிசை இப்படி. முதல் டர்னில் தூரத்திலிருந்தே ஸ்லீப் சீட் எறியுங்கள். எறிவது சில சமயம் தவறும், ஆகவே குறைந்தது மூன்று சீட் இருக்கட்டும். தூங்கியதும் நாஸ்டி ப்ளாட் போட ஆசை வரும். போடாதீர்கள். அது ஸ்பெஷல் அட்டாக்கைத்தான் ஏற்றும், பிரிக் பிரேக்குக்கு எந்தப் பயனும் இல்லை. நேராகப் பக்கத்தில் போய் அடியுங்கள். வயலண்ட் சீட் கையில் இருந்தால் அதைத் தின்னும் நேரம் இதுதான், இரண்டு அட்டாக்கும் உச்சத்துக்கு ஏறும்.

ஸ்டன் சீட்டையும் ஸ்லீப் சீட்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஸ்டன்னில் உறைந்தவன் முதல் அடியிலேயே விடுபடுவான், அதை ஓரான் தின்ன நேரம் வாங்கத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்லீப்பில் அடித்தாலும் தூக்கம் தொடரும்.

ரோர் ஆஃப் டைம் அறை முழுக்கப் பாயும், தள்ளி நிற்பதால் தப்ப முடியாது. ஆனால் அதைப் போட்டபிறகு டியால்கா ஒரு டர்ன் அசையாது. அந்த ஒரு டர்னில் ஹெச்பி குறைந்தவருக்கு ஓரான். இருவருக்கும் தெம்பு இருந்தால் அடி.

பதில் 3: நீலநாடா

இரண்டு எச்சரிக்கை. பாஸ் இருக்கும் தளத்தில் ஆர்ப் எதுவும் வேலை செய்யாது. ஸ்லம்பர் ஆர்ப்பை டியால்காவுக்கென்று சேமித்து வைத்தால் மூட்டையில் இடம்தான் போகும். ஸ்பயரிலேயே தீர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, 2020இல் ஸ்விட்சில் வந்த ரெஸ்க்யூ டீம் டிஎக்ஸ் வழிகாட்டிகளைப் பார்த்து இதை ஆடாதீர்கள். கம்மி என்ற தின்பண்டம் அங்கே வேறு மாதிரி வேலை செய்யும். ஸ்கையில் கம்மி முக்கியமாக ஐக்யூவுக்காக. சேர்த்து வைத்திருக்கும் கம்மிகளை ஸ்பிண்டா கஃபேயில் ஜூஸாக்கி பிப்லப்புக்குக் கொடுங்கள். ஐக்யூ ஏறினால் ஸ்டேட்டஸ் செக்கர் போன்ற திறன்கள் வரும், பலிக்காத ஸ்டேட்டஸ் மூவில் டர்னை வீணாக்காது. டைம், டார்க்னஸ் ஆடுபவர்கள் இதைப் படித்தால்: அவற்றில் அந்தக் கஃபே கிடையாது, கம்மியை நேரடியாகத் தின்னவைக்க வேண்டும்.

படிக்கட்டுத்தேடி

நன்றி. பிரிக் பிரேக் இல்லாமல் ஏறியதுதான் தவறு என்று புரிகிறது. இன்னும் இரண்டு கேள்வி. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் ஏ, பி இரண்டையும் அழுத்திப் பிடித்து ஹெச்பி ஏற்றுவது சரியா? பிறகு, எலெக்டிவயரிடம் ஃப்ளேம் வீலையும் பிரிக் பிரேக்கையும் லிங்க் செய்துகொண்டால் என்ன?

சந்துமுனை

அழுத்திப் பிடிப்பது இலவசம் இல்லை. கிட்டத்தட்ட 10 டர்னுக்கு வயிறு 1 குறையும், நின்றாலும் நடந்தாலும் அதே கணக்கு. 100 ஹெச்பி ஏற்ற நிற்கும் நேரத்தில் புதிய எதிரிகளும் தளத்தில் வந்து சேருவார்கள். ஒரே தளத்தில் அதிக நேரம் இருந்தால் காற்று கிளம்பி டன்ஜனை விட்டே வெளியே தள்ளிவிடும். ஹெச்பி பாதிக்குக் கீழே இருந்து, பக்கத்தில் எதிரியும் இல்லையென்றால் மட்டும் நில்லுங்கள். இல்லாவிட்டால் படியைத் தேடி நடந்தபடியே ஏறட்டும். ஆப்பிள் வயிற்றை 50 நிரப்பும், பிக் ஆப்பிள் 100. ஸ்பயருக்கு இரண்டு ஆப்பிள் போதும், அதற்குமேல் எடுத்தால் அந்த இடத்தில் ஓரான் வையுங்கள்.

டவருக்கும் ஸ்பயருக்கும் நடுவில் உள்ள கங்காஸ்கான் பாறையில் சேமித்துக்கொள்ளலாம், கிடங்கிலிருந்தும் எடுக்கலாம். தோற்றாலும் அங்கிருந்துதான் தொடங்கும். ஆகவே 4 ரிவைவர் சீட், 6 ஓரான், 2 மேக்ஸ் எலிக்சர் (மூவ்களின் பிபியை, அதாவது மீதி இருக்கும் தடவைகளை நிரப்பும்), 3 ஸ்லீப் சீட் என்று புறப்படும் முன்பே கிடங்கில் போட்டுவைத்து, பாறையில் எடுங்கள். கீழ் 13 தளத்துக்குக் குறைந்த மூட்டையே போதும்.

ஒருகட்டம்

லிங்க் பற்றி: ஒரே டர்னில் இரண்டு அடி, டியால்கா தூங்கும்போது அருமையாக இருக்கும். ஆனால் இரண்டின் பிபியும் சேர்ந்து குறையும், ஒன்றின் பிபி தீர்ந்தால் லிங்க் அறுந்துவிடும். ஸ்பயரில் சாதாரண எதிரி மேல் லிங்கை வீணடிக்காமல் எம்பரை வைத்து ஓட்டுங்கள். டியால்காவிடம் போகும் படியில் கால் வைக்கும் முன் பிபியைப் பாருங்கள். இரண்டில் எது 5க்குக் கீழே இருந்தாலும் அங்கேயே ஒரு எலிக்சர் குடித்துவிட்டு ஏறுங்கள். மேலே போனபிறகு குடித்தால் ஸ்லீப் சீட் வாங்கித்தந்த ஒரு டர்ன் போய்விடும்.