காத்திருப்பு அறையில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்: உங்களுக்குக் கிடைத்த சின்ன உதவிகளைச் சொல்லுங்கள்

அம்மாவுக்கு டயாலிசிஸ் நடந்த காலம். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். வெளியே காத்திருக்கும் எங்களுக்கு போன் இல்லாமல் ஒன்றும் ஓடாது. வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், அலுவலகத்தில் விடுப்பு கேட்க வேண்டும், திரும்பிப் போக வண்டி பிடிக்க வேண்டும். அந்த அறையில் இருந்ததோ ஒரே ஒரு பிளக் பாயிண்ட், அதுவும் மூலையில். கணவரை அழைத்து வரும் ஒரு அம்மா, ஒருநாள் நீள வயர் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இரண்டு மூன்று வகை சார்ஜரும் கொண்டுவந்து நடுவில் வைத்தார். "யாருக்கு வேணுமோ போட்டுக்கோங்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அதுவரை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த நாங்கள், போனை சார்ஜ் போட வந்து உட்கார்ந்த இடத்தில் பேச ஆரம்பித்தோம். எந்த மருந்து எங்கே கிடைக்கும், ஊசி போட்ட கையை எப்படிப் பார்த்துக்கொள்வது, எந்த நேரத்தில் டாக்டரிடம் நிதானமாகப் பேச முடியும் என்று நான் தெரிந்துகொண்டதெல்லாம் அந்த வட்டத்தில்தான்.

பெரிய நன்கொடைகளைப் பற்றி நிறையப் படிக்கிறோம். இந்த மாதிரி விஷயங்களை யாரும் எழுதிவைப்பதில்லை. அதிகச் செலவில்லாமல் உங்களுக்கு யாராவது செய்தது, நீங்கள் செய்து பலன் கண்டது, எதுவானாலும் எழுதுங்கள். அறிவுரையாக வேண்டாம், நடந்ததாக இருக்கட்டும்.

* * *

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. உதவி செய்ய வருகிறவர்கள் தினமும் கிடைக்கிறார்கள், அதற்கு நன்றிதான். ஆனால் பாதிப் பேர் ஒன்றும் கேட்காமலே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். பின்னாலிருந்து தோளைத் தள்ளுகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்யும்போது அடுத்து படி வருகிறதா பள்ளம் வருகிறதா என்று எனக்குத் தெரியாது. சில சமயம் நான் போகவே நினைக்காத பக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

பேருந்து நிறுத்தத்தில் ஒரு கல்லூரிப் பையன் பக்கத்தில் வந்து, "சார், ரோடு கிராஸ் பண்ணணுமா? என் முழங்கையைப் பிடிச்சுக்கறீங்களா?" என்று கேட்டான். அவன் அரை அடி முன்னால் நடந்தான், நான் அவன் முழங்கைக்கு மேலே லேசாகப் பிடித்துக்கொண்டேன். அவன் உடம்பு ஏறி இறங்குவதை வைத்தே தரை எப்படி என்று எனக்குப் புரிந்துவிட்டது. படி வந்தபோது "மேல ஏறுது" என்று ஒரு வார்த்தை சொன்னான். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். அவன் சித்தப்பாவுக்கும் பார்வை இல்லையாம்.

வீட்டிலிருந்தே செய்ய முடிந்த உதவி ஒன்று உண்டு. 'பி மை ஐஸ்' என்று ஒரு செயலி, 2015-இல் வந்தது. ஆரம்பித்தவர் ஹான்ஸ் யோர்கன் விபெர்க் என்ற டென்மார்க்காரர், அவருக்கும் பார்வைக் குறைபாடு உண்டு. எங்களுக்கு எதையாவது பார்த்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டால் வீடியோ அழைப்பு போடுவோம், தன்னார்வலர் யாராவது எடுப்பார். ஒருமுறை இரண்டு மாத்திரை அட்டைகள் கலந்துபோய், எது எது என்று தெரியாமல் அழைத்தேன். எடுத்த பெண் பெயர்களைப் படித்துச் சொன்னார். அதோடு விடாமல், ஒன்றின் காலாவதித் தேதி தாண்டிவிட்டது என்பதையும் கவனித்துச் சொன்னார். பேசியது ஒரு நிமிடம் இருக்குமா என்பதே சந்தேகம்.

* * *

முழங்கை விஷயம் எனக்குப் புதிது சார், நன்றி. என்னுடையது ஒரு கடிதம்.

எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்கு வராது. அப்போது எங்களுக்கு வந்த ஆசிரியை, நான் தப்பாகப் போட்ட கணக்கை அடிக்காமல், எந்த வரி வரைக்கும் சரியாக யோசித்திருக்கிறேன் என்று பார்த்து அந்த இடத்தில் ஒரு டிக் போடுவார். அதிலிருந்து நானே மேலே போக வேண்டும். இன்று நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள். அவரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று பல வருடமாக நினைப்பு. அவருக்கு என்னை நினைவிருக்குமா, இத்தனை நாள் கழித்து எழுதினால் ஏதோ காரியத்துக்கு வருகிறாள் என்று நினைப்பாரோ என்று தள்ளிப்போட்டபடியே இருந்தேன்.

அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்த பிறகுதான் உட்கார்ந்து எழுதினேன். நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, வாங்குகிறவர் எப்படி உணர்வார் என்று எழுதியவர்களிடம் முன்கூட்டியே கேட்டிருக்கிறார்கள். வாங்கியவர்களின் சந்தோஷத்தை எழுதியவர்கள் குறைவாகவும், அவர்களுக்கு ஏற்படும் கூச்சத்தை அதிகமாகவும் கணித்திருந்தார்கள். நான் தயங்கியது அப்படியே அதில் இருந்தது.

டீச்சர் பதில் எழுதவில்லை, நேராக போனில் கூப்பிட்டார். என் முகம் அவருக்கு நினைவில்லை. ஆனால் அந்த டிக்கைப் பற்றி நான் எழுதியதை மகளுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினாராம். "நான் அப்படிப் போடுவேன்னு எனக்கே மறந்துபோச்சும்மா" என்றார். பொதுவாக "நீங்கள் நல்ல ஆசிரியை" என்று எழுதியிருந்தால் இந்த அழைப்பு வந்திருக்காது என்று நினைக்கிறேன். என்ன செய்தார், அதனால் எனக்கு என்ன ஆனது என்பதை எழுதுங்கள். அரைப் பக்கம் போதும்.

* * *

நான் ரத்த தானம் செய்கிறவன். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால் சுருக்கமாக. சிவப்பணுக்களைக் குளிரில் ஆறு வாரம் வரை வைத்திருக்கலாம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) அப்படியில்லை, ஐந்து நாள், சில இடங்களில் ஏழு நாள், அவ்வளவுதான். கீமோ சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அது அடிக்கடி தேவைப்படும். சேர்த்து வைக்க முடியாது என்பதால், ஒரே நாளில் நூறு பேர் வரிசையில் நிற்பதைவிட வருடம் முழுக்கப் பிரிந்து பிரிந்து வருவதுதான் ரத்த வங்கிக்கு உதவி. என் பிறந்தநாளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அன்று நிறையப் பேர் இருப்பார்கள். இப்போது வங்கியிலிருந்து "ஆள் குறைவு" என்று செய்தி வரும் நாளில் போகிறேன்.

* * *

எனக்கு ஒரு சந்தேகம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உதவி செய்ய மனசு இருக்கிறது. ஆனால் பொது இடத்தில் யாராவது கஷ்டப்படுவதைப் பார்த்தால் கால் நகர மறுக்கிறது. சுற்றிலும் இத்தனை பேர் இருக்கிறார்களே, நமக்கென்ன தெரியும் என்று தோன்றிவிடுகிறது. உங்களுக்கெல்லாம் அப்படி இல்லையா?

* * *

தம்பி, அது உங்களுக்கு மட்டும் உள்ள குணம் இல்லை. 1968-இல் டார்லி, லட்டானே என்ற இருவர் செய்த பரிசோதனை ஒன்று உண்டு. இன்டர்காமில் பேசிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு வலிப்பு வருவது போலக் கேட்கும். தான் மட்டும்தான் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் 31 சதவீதம் பேர்தான். அவர்கள் இரக்கமில்லாதவர்கள் இல்லை. எழுந்து போகாதவர்கள் கை நடுங்க உட்கார்ந்திருந்ததையும் அந்த ஆய்விலேயே எழுதியிருக்கிறார்கள்.

முதலுதவிப் பயிற்சியில் இதற்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார்கள். "யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்று பொதுவாகக் கத்தாதே, ஒருவரைக் கைகாட்டிச் சொல் என்று. ரயில் நிலையத்தில் ஒரு பெரியவர் சுருண்டு விழுந்தபோது நான் அதைத்தான் செய்தேன். "நீலச் சட்டை போட்ட அண்ணா, நீங்க ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க. பையோட நிக்கிற அக்கா, கூட்டத்தைக் கொஞ்சம் தள்ளச் சொல்லுங்க." இரண்டு பேரும் அந்த நொடியே நகர்ந்தார்கள். அவர்களும் உங்களைப் போலத்தான் நின்றிருக்க வேண்டும், யாராவது சொல்லட்டும் என்று. பெரியவருக்கு மூச்சு சீராக இருந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வண்டி வரும்வரை பேசிக்கொண்டே இருந்தோம். மூச்சு நின்றிருந்தால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தியிருக்க வேண்டும். அதை ஒரு மதிய நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். தயவுசெய்து கற்றுக்கொள்ளுங்கள்.

* * *

எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். மாமனார் படுக்கையில் இருந்த நாட்களில் வந்து பார்த்த எல்லோரும் போகும்போது, "ஏதாவது வேணும்னா சொல்லும்மா" என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனால் என்ன வேண்டும் என்று யோசிக்கவும் யாரைக் கேட்பது என்று முடிவு செய்யவும் என்னிடம் தெம்பு இல்லை. கேட்டால் தொந்தரவாகுமோ என்ற எண்ணம் வேறு. அதனால் ஒருவரிடமும் எதுவும் கேட்டதில்லை.

எதிர்வீட்டு அக்கா மட்டும் வேறு மாதிரி. "செவ்வாய், வியாழன் மூணு மணிக்கு நான் வந்து அவர்கூட உட்கார்ந்துக்கறேன். நீ கதவைச் சாத்திட்டுத் தூங்கு" என்றார். நாள், நேரம், நான் செய்ய வேண்டியது எல்லாம் அதிலேயே இருந்தது. சொன்ன நேரத்துக்கு வருவார், பேப்பர் படித்துக் காட்டுவார். மாமனாரும் அவருக்காகவே முகம் துடைத்துக்கொண்டு காத்திருப்பார். அந்தத் தூக்கம் இல்லாவிட்டால் என் பொறுமை என்றோ போயிருக்கும், அது மாமனார் மேல்தான் விழுந்திருக்கும்.

உடம்பு முடியாதவரைப் பார்க்கப் போகிறவர்கள், பார்த்துக்கொள்கிறவரையும் ஒரு கண் பாருங்கள். "மருந்து வாங்கப் போறேன், சீட்டைக் குடு", "பசங்களைப் பள்ளியில நான் விடறேன்" என்று ஒரு வேலையைச் சொல்லிக் கேளுங்கள். சரி என்று சொல்வது சுலபம். வேண்டும் என்று கேட்பதுதான் கஷ்டம்.

* * *

எங்கள் மாடியில் ஒரு தாத்தா இருக்கிறார், காது மந்தம். பேச ஆள் இல்லாமல் தவிக்கிறார் என்று தெரிகிறது. நான் கத்திப் பேசினாலும் அவருக்குப் புரிவதில்லை. என்ன செய்யலாம்?

* * *

எனக்கும் ஒரு காது கேட்காது, இன்னொன்றில் கருவி. அதனால் சொல்கிறேன். கத்தாதீர்கள், கத்தினால் சத்தம் கூடும், வார்த்தை சிதைந்துவிடும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி எதிரே உட்காருங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் உதடு தெரியாது. டிவி ஓடினால் அணைத்துவிட்டு, இயல்பான வேகத்தில் பேசுங்கள். ஒரு வாக்கியம் புரியவில்லை என்றால் அதையே திரும்பச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லிப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் போனில் பெரிய எழுத்தில் தட்டிக் காட்டுங்கள். வீட்டில் எல்லோரும் சிரிக்கும்போது என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்ல, விடுங்க" என்பார்கள். எங்களுக்கு அதிகம் வலிப்பது அந்தப் பதில்தான். என் பேத்தி மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, பக்கத்தில் வந்து முழுக்கதையையும் முதலிலிருந்து சொல்வாள். தாத்தாவுக்கும் அப்படிச் சொல்லிப் பாருங்கள், எப்படிப் போனது என்று இங்கே எழுதுங்கள்.