வெயிலில் படுத்து நிறமேற்றும் மாணவிகள்: வழி சொல்லுங்கள்

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் மாணவியர் விடுதி ஒன்றைக் கவனித்துவருகிறேன். பிப்ரவரியில் வகுப்புகள் தொடங்கியது முதல், 18, 19 வயதுப் பெண்கள் சிலர், வெயிலின் புற ஊதாக் கதிர்களின் கடுமையைக் காட்டும் குறியீடு 10-ஐத் தாண்டும் நேரத்தைக் கைப்பேசியில் பார்த்து, அந்த நேரத்திலேயே தோலைப் பழுப்பு நிறமாக்க உடலில் எண்ணெய் தடவிக்கொண்டு புல்வெளியில் படுக்கிறார்கள். குறியீடு 3-ஐத் தொட்டாலே தோலைக் காக்க வேண்டும் என்று இந்நாட்டில் விடுக்கப்படும் எச்சரிக்கை, இவர்களுக்கு நேரம் குறித்துத் தருவதாக மாறிவிட்டது. நீச்சலுடைப் பட்டையின் தடம் மட்டும் வெளுத்திருக்க, தோள் முழுதும் சிவந்து தோல் உரிந்து ஒரு பெண் வந்து நின்றபோது மனம் பதறிவிட்டது.

எஸ்பிஎஃப் 50+ சன்ஸ்கிரீனை வாசலிலேயே வைத்தேன். சுருக்கம் விழுமென்ற பயத்தில் முகத்துக்கு மட்டும் பூசுகிறார்கள். செவிலியர் ஒருவரை அழைத்துப் பேசவைத்தேன். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் முதியவர்களுக்கு வருவது என்றே இன்னும் எண்ணுகிறார்கள். வெயிலின்றி நிறமேற்றும் பூச்சை வாங்கித் தந்ததில் சிலர் மாறினார்கள், அது உண்மையிலேயே ஆறுதல். ஆனால் மற்றவர்கள், அந்த நிறமே வெயிலைத் தடுத்துவிடும் என்ற தவறான நம்பிக்கையில், அதைப் பூசிக்கொண்டே வெளியே படுக்கிறார்கள். செயற்கைப் புற ஊதா ஒளியால் தோலுக்கு நிறமேற்றும் சோலாரியம் நிலையங்களை எங்கள் குயின்ஸ்லாந்து மாநிலம் 2014 இறுதியில் தடைசெய்துவிட்டது. புல்வெளிக்கு அப்படி விதி போட இயலாது.

இந்த வயதுப் பெண்களிடம் அச்சுறுத்தாமல் பேசி இப்பழக்கத்தை விடவைத்தவர்கள் குழுவில் இருந்தால், உங்களுக்குப் பலன் தந்தது எது?