கார் இடித்த சைக்கிளைச் சரிசெய்து கொடுக்கலாமா?

கேள்வி: மதுரையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் பால் ஊற்றும் அண்ணனைப் பின்னால் வந்த கார் இடித்து, கால் எலும்பு முறிந்துவிட்டது. கார்க்காரர் 5,000 ரூபாய் தருகிறேன், கேஸ் வேண்டாம் என்கிறாராம். பின்சக்கர ரிம் எட்டு மாதிரி வளைந்து கடையில் கிடக்கிறது. சரிசெய்துவிடவா?

பதில்: அண்ணே, போலீஸ் பார்க்கும் வரை ஸ்பேனரையே தொடாதீங்க! வளைந்த ரிம், மட்கார்டில் ஒட்டியிருக்கும் கார் பெயின்ட் எல்லாம் சாட்சி. போட்டோ எடுத்து, செலவுக் கணக்கைக் கடை பில்லில் எழுதிக் கொடுங்க.

பதில்: முதலில் எஃப்ஐஆர். அப்புறம் ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு, பால்கார அண்ணன் வசிக்கும் ஊரிலேயே போடலாம், பால் ஊற்றப் போக முடியாமல் இழந்த வருமானத்தையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். 5,000 வாங்கிக்கொண்டு எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

பதில்: இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் படுகாயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய் 2022 முதல் அரசுத் திட்டத்தில் உண்டு.