மறு: ‘ஷிப்ட்’ லென்சு – திருத்தமா, பெயர்வா, நகர்வா?

செ., சென்னை:

குழுவினருக்கு வணக்கம்.

கட்டட ஒளிப்படச் சொற்பட்டியலில் ‘ஷிப்ட்’ (கேமராவை அசைக்காமல் லென்சை மட்டும் மேலே, கீழே, பக்கவாட்டில் நகர்த்துவது) மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. இப்போது பதிவில் இருப்பது ‘தோற்றத் திருத்த லென்சு’. நிக்கான் 1962இல் கொண்டுவந்த 35 மிமீ லென்சின் பெயரிலுள்ள ‘பிசி’ என்ற இரண்டெழுத்தை வைத்து யாரோ செய்த சொல். அந்த எழுத்துகள் குறிப்பது ‘பெர்ஸ்பெக்டிவ் கன்ட்ரோல்’, அதாவது தோற்றக் கட்டுப்பாடு. அதில் திருத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

சொல் உடனே வேண்டும். கலிபோர்னிய நவீனத்துவ வீடுகளை ஜூலியஸ் ஷுல்மன் படமெடுத்த முறை பற்றிய கட்டுரை தயாராகிறது. கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நியூட்ராவின் வீடுகளும், 1945 முதல் 1966 வரை நடந்த கேஸ் ஸ்டடி ஹவுஸ் என்ற மாதிரி வீட்டுத் திட்டத்து வீடுகளும் அதில் வருகின்றன. பத்திக்குப் பத்தி இந்தச் சொல் தேவைப்படுகிறது.

என் முன்மொழிவு: ‘நிமிர்லென்சு’. கேமராவை மேல்நோக்கித் திருப்பினால் படத்தில் சாயும் சுவரை நிமிர்த்துவதால்.

ஓர் ஐயமும் உண்டு. இந்த வீடுகள் பெரும்பாலும் ஒற்றை மாடி, தட்டைக் கூரை. தரையிலிருந்து கூரை 3 மீட்டர்தான். கோபுரத்துக்கு ஷிப்ட் வேண்டும், சரி. இவற்றுக்கு எதற்கு?

நா., கோவை:

செ. ஐயா, ஐயத்துக்கு முதலில் பதில். அது தெளிந்தால் சொல் தானே வரும்.

முழுச்சட்ட கேமராவில் 24 மிமீ லென்சு, கேமராவைக் கிடையாக வைத்திருக்கிறோம். சென்சாரின் அகலம் 36, உயரம் 24 மிமீ. வீட்டிலிருந்து 8 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில், ரசமட்டம் பார்த்து நிறுத்துகிறோம். சட்டகத்துக்குள் 8 மீட்டர் உயரம் அடங்கும்: லென்சு மட்டத்துக்கு மேலே 4, கீழே 4. கூரை லென்சு மட்டத்திலிருந்து 1.5 மீட்டர் மேலேதான் இருக்கிறது, ஆகவே தாராளமாக அடங்கிவிடும். கூரை அடங்குவதில் சிக்கலே இல்லை. அடிவானம் சட்டகத்தின் நட்டநடுவே விழுந்து, கீழ்ப்பாதியில் பெரும்பகுதி வெறும் தரையாகப் போய்விடுகிறதே, அதுதான் சிக்கல்.

லென்சை 4 மிமீ மேலே ஏற்றுங்கள். அடிவானம் கீழிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கும் (12-இல் 4 போக 8, மொத்தம் 24). தரை குறைந்து கூரைக்கு மேல் வானம் கிடைக்கும். 12 மிமீ ஏற்றினால் அடிவானம் சரியாகக் கீழ் விளிம்பில் உட்காரும். கேனனின் ஷிப்ட் லென்சான டிஎஸ்-ஈ 24 மிமீ இரண்டாம் பதிப்பில் எல்லை அந்த 12தான். முன்னால் நீச்சல்குளம் இருந்து அதில் வீட்டின் பிம்பமும் வேண்டும் என்றால் மறுதலையாக லென்சை இறக்க வேண்டும்.

இந்த மூன்றிலும் சுவர் ஒருபோதும் சாயவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கேமரா அண்ணாந்து பார்க்கவில்லை. சென்சார் சுவருக்கு இணையாகவே நிற்கிறது. சாயாததை எப்படி நிமிர்த்துவது? லென்சு வீசும் பிம்ப வட்டம் பெரிது. இந்த லென்சில் விட்டம் 67.2 மிமீ. சென்சாரின் மூலைவிட்டம் 43.3 மிமீதான். அந்தப் பெரிய வட்டத்துக்குள் எந்தப் பகுதியை எடுத்துக்கொள்வது என்பதைத்தான் லென்சை நகர்த்தி மாற்றுகிறோம். ஆகவே ‘திருத்தம்’, ‘நிமிர்’ இரண்டும் தவறான காரணத்தைச் சொல்கின்றன.

‘பெயர்வு’ போதும் என்பது என் கருத்து. பெயர்வு லென்சு.

கி., மதுரை:

இருவருக்கும் வணக்கம். ‘திருத்தம்’ வேண்டாம் என்பதில் நா. அண்ணாவோடு நிற்கிறேன். ஆனால் அந்தச் சொல்லைத் தூக்கி எறியவும் வேண்டாம். கணினியில் செய்யும் வேலைக்கு அது அப்படியே பொருந்தும்.

ஷிப்டும் கணினித் திருத்தமும் ஒரே பலனைத் தருவதாக நினைத்து ஒரே சொல்லால் அழைப்பதால்தான் குழப்பம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதே 24 மிமீ லென்சு, ஷிப்ட் இல்லை, கேமராவை 15 பாகை அண்ணாத்தி எடுக்கிறோம். நிலைக்குத்துக் கோடுகள் மேலே போகப்போகக் கூம்பும். லைட்ரூம் மென்பொருளில் முழுதாகத் திருத்தினால் மேல்விளிம்பு ஏறத்தாழ 1.2 மடங்கு இழுபடும், கீழ்விளிம்பு 0.91 மடங்காகச் சுருங்கும். செவ்வகமாக வெட்டும்போது மேல்விளிம்பின் அகலத்தில் கிட்டத்தட்ட கால்பங்கு போய்விடும். இழுபட்ட இடம் கூரையோரமும் அதன் மெல்லிய எஃகு விளிம்பும்தான். மிகக் கூர்மையாக இருக்க வேண்டிய கோடு அங்கேதான் குழைகிறது.

இதே சட்டகம் ஷிப்டில் சுமார் 8 மிமீ ஏற்றத்துக்கு வந்துவிடும், எதையும் இழக்காமல்.

இன்னொன்று. திருத்தும் மென்பொருள் அகல-உயர விகிதத்தைச் சரியாகக் காக்காவிட்டால் வீடு நெடுத்துவிடும். உயரமான கட்டடத்தில் அது கண்ணில் படாது. தட்டையாகப் படுத்துக் கிடப்பதே அழகாக உள்ள வீட்டில் உடனே தெரியும். சதுர ஓடு நீள்சதுரமாகும், உருண்டை விளக்கு முட்டையாகும். விளக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆகவே மூன்று தனிச் சொற்கள்:
கேமரா மேல்நோக்குவது – அண்ணாப்பு.
அதனால் கோடுகள் ஒடுங்குவது – கூம்பல்.
அதைக் கணினியில் சரிசெய்வது – கூம்பல் திருத்தம்.

கூம்பலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கீஸ்டோன்’ என்பதை ‘முடிகல் பிழை’ என்று ஒரு பட்டியலில் பார்த்தேன். வளைவின் உச்சிக்கல் எப்படியிருக்கும் என்று தெரிந்தவருக்கே அது புரியும். கூம்பல் யாருக்கும் புரியும்.

மு., யாழ்ப்பாணம்:

வணக்கம். அண்ணாப்பு, கூம்பல் இரண்டும் நல்ல சொற்கள், ஏற்கலாம்.

‘பெயர்வு’க்கு இரண்டு தடைகள் சொல்கிறேன். இடப்பெயர்வு எண்டால் எங்கட பக்கம் சனம் ஊர்விட்டு ஓடினது. அந்தச் சொல்லை ஒரு லென்சுக்குப் பக்கத்தில் வைக்க மனம் வராது. மற்றது எழுத்துச் சிக்கல். இலங்கைப் பாடநூல்களில் லென்சு என்பது வில்லை. பெயர்வு + வில்லை என்பதைச் சுருக்கி எழுதப் போனால் ‘பெயர்வில்லை’, அதாவது பெயர்வு இல்லை! நகர்வில்லை, சாய்வில்லை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ‘இந்தக் கருவியில் சாய்வில்லை உண்டு’ என்று எழுதினால் வாசிப்பவர் என்ன செய்வார்?

கொத்தனார் வழக்கான ‘தூக்கு’ பற்றியும் யோசித்தேன். தூக்குக்குண்டு விட்டுச் சுவர் பார்ப்பதுதானே அடிப்படை. ஆனால் ஷிப்ட் மேல்-கீழ் மட்டும் இல்லையே, பக்கவாட்டிலும் நகரும். கண்ணாடிச் சுவருக்கு அதுதான் பெரிய உதவி: கமெரா கண்ணாடியில் தெரியாமல் இருக்க, ஒரு பக்கமாக விலகி நின்று, சென்சாரைக் கண்ணாடிக்கு இணையாகவே வைத்து, வில்லையை மறுபக்கம் நகர்த்தினால் நேர்முன்னால் நின்று எடுத்த மாதிரியே வரும். அதனால் ‘தூக்கு’, ‘நிமிர்’ இரண்டும் விழும்.

நா., கோவை:

மு. ஐயா சொன்ன இரண்டு தடையும் ஏற்புடையவை. ‘பெயர்வு’ விலக்கப்பட்டது.

கண்ணாடி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 24 மிமீயில் 12 மிமீ நகர்த்தினால் மட்டும் கேமரா மறைந்துவிடாது. கேமராவின் பிரதிபலிப்பு எப்போதும் லென்சின் நேர் அச்சில் விழும். கிடைச் சட்டகத்தின் அரை அகலம் 18 மிமீ. அதில் 12 போனாலும் அச்சு இன்னும் 6 மிமீ உள்ளேதான் இருக்கிறது. முக்காலியும் நீங்களும் படத்தின் ஓரத்தில் நிற்பீர்கள். கேமராவை நெட்டாகத் திருப்பினால் அரை அகலம் 12. அச்சு சரியாக விளிம்பில் வரும், கேமரா பாதி வெட்டுப்பட்டுத் தெரியும். அதற்குக் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு லென்சுக்கு மட்டும் துளை விட வேண்டும். அல்லது உள்ளே வெளிச்சம் கூடி வெளியே இருட்டும் வரை காத்திருக்க வேண்டும். கண்ணாடி வீட்டை அந்தியில் எடுப்பதற்கு அழகு பாதிக் காரணம், இது மீதிப் பாதி.

ஷுல்மன் 1947இல் பாம் ஸ்பிரிங்சில் எடுத்த காஃப்மன் வீட்டுப் படத்தையே எடுத்துக்கொள்வோம். நியூட்ரா வடிவமைத்த வீடு. பின்னால் மலை, மேலே மங்கும் வானம், முன்னால் குளம். மொத்தம் ஏறத்தாழ 45 நிமிட ஒளியேற்றம். ஷட்டரைத் திறந்து மூடித் திறந்து, வானத்துக்கு ஒருமுறை, வீட்டு விளக்குகளை மாற்றி மாற்றிப் போட்டு மற்ற முறைகள். குளத்து விளக்கு லென்சில் அடித்ததால் வீட்டம்மாவைக் குளக்கரையில் சாய்ந்து படுக்கச் சொல்லி அவராலேயே அதை மறைத்தார். இத்தனை நேரமும் கேமரா மயிரிழை அசையக் கூடாது. ஏற்ற இறக்கம் எல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே வைத்துத் திருகி இறுக்கியிருக்க வேண்டும். இருட்டிய பிறகு தேய்கண்ணாடியில் (பெரிய கேமராவின் பின்னால் பிம்பம் விழும் மங்கல் கண்ணாடி) தலைகீழாகத் தெரியும் மங்கல் பிம்பத்தில் கோடு பார்ப்பது ஆகாத காரியம்.

1960இல் எடுத்த ஸ்டால் வீட்டுப் படத்திலும் இப்படியே: பியர் கோனிக் வடிவமைத்த வீடு, கேஸ் ஸ்டடி எண் 22. கீழே பரந்த லாஸ் ஏஞ்சலஸ் விளக்குகளுக்குச் சில நிமிட ஒளியேற்றம், பிறகு உள்ளே இருந்த இரு பெண்களுக்கு பிளாஷ். கூரைக் கோடுகள் எல்லாம் நகரத்தை நோக்கி விரைகின்றன, நிலைக்குத்துகள் நிலைக்குத்தாகவே இருக்கின்றன. கூம்பலை அறவே ஒழித்து, ஆழத்தில் ஒடுங்கும் கோடுகளை மட்டும் விட்டிருக்கிறார். ஆகவே ‘தோற்றத் திருத்தம்’ என்ற சொல் இங்கே எவ்வளவு பொருத்தமற்றது பாருங்கள்: தோற்ற ஒடுக்கத்தை அவர் திருத்தவில்லை, வேண்டிய திசையில் வேண்டிய அளவு வைத்துக்கொண்டார்.

சொல்லுக்கு வருகிறேன். லென்சு நகர்வது சென்சார் தளத்துக்கு இணையாக. ‘இணைநகர்வு’ என்றால் இயக்கமும் நிபந்தனையும் இரண்டும் வந்துவிடுகின்றன. திசைக்கு ஏற்றம், இறக்கம், பக்கநகர்வு. கருவிக்கு ‘இணைநகர்வு லென்சு’. இலங்கையில் ‘இணைநகர்வு வில்லை’ என்று இடம்விட்டே எழுதட்டும்.

கி., மதுரை:

இணைநகர்வு பிடித்திருக்கிறது. ‘இணை’ என்று சொல்லுக்குள்ளேயே இருப்பதால் நிபந்தனை மறக்காது. அதை மறந்தால் ஏற்றமும் இறக்கமும் எதற்கும் உதவாது.

பதிவில் அந்த நிபந்தனையை எண்ணோடு எழுத வேண்டும். நேர்முகப்புப் படத்தில் கேமரா இடவலமாக 1 பாகை திரும்பியிருந்தாலே போதும். 8 மீட்டர் தூரம், லென்சுக்கு 1.5 மீட்டர் மேலே கூரை, 8192 பிக்சல் அகலப் படம் என்றால் கூரைக்கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள் சுமார் 27 பிக்சல் சாயும். படத்தைச் சுழற்றித் தப்பிக்க முடியாது. லென்சுக்குக் கீழேயுள்ள தரைக்கோடு எதிர்ப்புறம் சாய்ந்திருக்கும். ரசமட்டக் குமிழி இந்தப் பிழையைக் காட்டவே காட்டாது. குமிழி முன்பின் சாய்வையும் பக்கச் சாய்வையும் மட்டுமே அறியும். திரையில் கட்டக்கோடு போட்டு, கூரைக்கோடு தரைக்கோடு இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்து முக்காலியின் பற்சக்கரத் தலையால் இம்மி இம்மியாகத் திருப்புவதுதான் வழி. புதுச்சேரியில் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே விடுதியின் கிடைப்பலகை அடுக்குகள் போன்ற முகப்பில் நூறு கோடுகளும் சேர்ந்து காட்டிக்கொடுக்கும்.

நடைமுறைக் குறிப்பு இரண்டு. பழைய எஸ்எல்ஆர்களில் ஒளியளவை நகர்த்துவதற்கு முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும். நகர்த்திய பின் அளவி தவறாகக் காட்டும். எல்லைவரை ஏற்றினால் வானத்து மூலைகள் கறுக்கும், லென்சின் துளையை எஃப்/8 அல்லது எஃப்/11க்கு மூடினால் பெரும்பாலும் தெளியும். எஃப்/16க்கு அப்பால் போனால் விளிம்புவிலகலால் (சிறு துளையில் ஒளி பரவுவதால்) முழுப்படமும் மெல்லக் குழையும்.

செ., சென்னை:

‘நிமிர்லென்சு’ திரும்பப் பெறப்பட்டது. பதிவு வரைவு:

இணைநகர்வு – லென்சைச் சென்சார் அல்லது படச்சுருள் தளத்துக்கு இணையாக மேலே, கீழே, பக்கவாட்டில் நகர்த்துதல். கேமராவை அண்ணாத்தாமலேயே சட்டகத்தின் எல்லையை மாற்றுவது. வகை: ஏற்றம், இறக்கம், பக்கநகர்வு. ஒப்புநோக்க: கூம்பல் திருத்தம்.

‘டில்ட்’டுக்கு ‘சாய்வு’ என்று போடலாமா?

மு., யாழ்ப்பாணம்:

இணைநகர்வு பதிவு சரி. ‘சாய்வு’க்கு மறுப்பு. கமெரா சாய்ந்தாலும் சாய்வு, சுவர் சாய்ந்தாலும் சாய்வு. டில்டில் சாய்வது வில்லை மட்டும். அதனால் மாறுவது கூர்மைத் தளம், கோடுகள் அல்ல. நவீனத்துவ வீட்டுப் படத்தில் பெரும்பாலும் அதைப் பூச்சியத்தில் பூட்டியே வைப்பார்கள். பூட்டு தளர்ந்து சாய்ந்தால் முகப்பின் ஒரு பகுதி கூர்மையாகவும் மறுபகுதி குழைந்தும் வரலாம், சிறிய திரையில் தெரியாது. ‘வில்லைச்சாய்வு’ என்று முழுதாகவே எழுதுவோம். நல்லவேளை, இதில் ‘இல்லை’ ஒட்டிக்கொள்ளாது.