ஃபில்லிங்குக்கு அடியில் சொத்தையை விட்டு அடைத்திருக்கிறார்கள், பிரிக்க வேண்டுமா?

கேட்டவர்:
எட்டு மாதம் முன்பு கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஃபில்லிங் போட்டேன். போன வாரம் வேறொரு பல்லுக்காக எக்ஸ்ரே எடுத்தபோது அந்த வெள்ளை ஃபில்லிங்குக்குக் கீழே கறுப்பாக ஒரு கீற்று தெரிந்தது. புது டாக்டர் சொத்தை மிச்சம் இருக்கிறது, பிரித்து அடைக்கணும் என்கிறார். பழைய டாக்டரைக் கேட்டால் நரம்புக்கு ரொம்பப் பக்கம், தெரிந்துதான் விட்டேன் என்கிறார். அன்றைக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை! வலி இல்லை, ஜில்லென்று குடித்தால் ஓரிரு நொடி கூசும், அவ்வளவுதான்.

பதில் 1:
நான் பல் மருத்துவர். ஆழமான சொத்தையை முழுக்கச் சுரண்டினால் நரம்பு திறந்துவிடும், அப்புறம் ரூட் கேனால் வரை போகலாம். அதனால் ஓரங்களைச் சுற்றிலும் கெட்டியான பல் வரும்வரை சுத்தம் செய்துவிட்டு, நரம்புக்கு மேலே மட்டும் கொஞ்சம் மெத்தென்ற பகுதியை விட்டு இறுக்கி அடைப்பது இன்று ஏற்கப்பட்ட முறைதான், 2016-இல் வந்த சர்வதேச நிபுணர் பரிந்துரையும் இதையே சொல்கிறது. உள்ளே அடைபட்ட கிருமிக்குச் சர்க்கரை கிடைக்காது, சொத்தை அப்படியே நின்றுவிடும். ஓரம் கசிந்தால்தான் சிக்கல். கறுப்பாகத் தெரிவதெல்லாம் சொத்தை என்றும் இல்லை, ஒட்டுப் பசைகூடச் சில சமயம் அப்படித் தெரியும். பழைய எக்ஸ்ரேவை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கீற்று வளராமல் இருந்தால் பிரிக்க அவசரமில்லை. ஆனால் கூச்சம் அரை நிமிடத்துக்கு மேல் நின்றாலோ, தூக்கத்தில் எழுப்புகிற மாதிரி தானாக வலித்தாலோ காத்திருக்காதீர்கள்.

பதில் 2:
ஃபில்லிங் போட்ட பல்லில் எனக்கும் வலியே இல்லை. பல்லிடுக்கில் நூல் விட்டால் ஒரே இடத்தில் சிக்கிப் பிசிறு பிசிறாக வரும், சாப்பாடும் அங்கேயே மாட்டும், நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஓரத்தில்தான் கசிந்து புதுச் சொத்தை பிடித்திருந்தது, கடைசியில் ரூட் கேனால். நீங்கள் இன்றைக்கே நூல் விட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:
இப்போதுதான் விட்டுப் பார்த்தேன், வழவழவென்று போகிறது. இருந்தாலும் பழைய எக்ஸ்ரேவைக் கேட்டு வாங்கப் போகிறேன், என் வாய்க்குள் என்ன விட்டிருக்கிறார்கள் என்று அன்றே சொல்லியிருந்தால் ஒரு வாரத் தூக்கம் போயிருக்காது.

பதில் 1:
உங்கள் கோபம் நியாயம். விட்டு அடைத்ததைச் சொல்லவும் வேண்டும், குறிப்பில் எழுதவும் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்துப் பார்ப்பவர் தேவையில்லாமல் பிரித்துவிடுவார்.