விருந்தினரின் கடவுச்சீட்டுப் படங்கள், சம்பளக் கணக்கு: ஐந்தாறு பேர் சேர்ந்து பாதுகாப்பாகப் பாவிக்க எது நல்லது?

உப்புவெளி_விடுதி:
வணக்கம் எல்லோருக்கும். திருகோணமலை உப்புவெளியில் எங்கள் குடும்பம் சின்ன விடுதி ஒன்று நடத்துகிறது, மே தொடங்கி செப்டம்பர் வரை சீசன், புறாத்தீவுக்குப் படகும் ஒழுங்கு செய்து கொடுப்போம். வருகிறவர்களின் கடவுச்சீட்டை, முன்னால் யார் நிற்கிறாரோ அவரே தன் போனில் படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் போடுவார், நான் அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவேன். அறைப் பதிவு, சம்பளம், படகுக்காரரோடு பேசிய விலை எல்லாம் ஒரே கூகுள் சீட்டில் இருக்கிறது, இணைப்பு வைத்திருக்கிற எவரும் திறக்கலாம், திருத்தலாம். சீசன் முடிந்து போன பெடியளிடமும் அந்த இணைப்பு இருக்கும். போன மாதம் ஜெர்மன்காரர் ஒருவர் கிளம்பும்போது, தன் கடவுச்சீட்டுப் படம் யார் யாரிடம் இருக்கிறது, எப்போது அழிப்பீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி, அடுத்த முறை யார் கேட்டாலும் நேராகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். எல்லோரிடமும் ஆண்ட்ராய்ட் போன், அலுவலகத்தில் ஒரு லாப்டொப். மாதாமாதம் பெரிய காசு கட்ட முடியாது. என்ன செய்யலாம்?

டொக்யாட்வீதி_நெற்:
முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உங்கள் சீட் இருக்கிற கூகுள் டிரைவும் என்கிரிப்ட் செய்துதான், அதாவது சாவி இல்லாமல் வாசிக்க முடியாதபடி பூட்டித்தான் வைக்கிறது, ஆனால் சாவி அவர்களிடம். சாவியை வாடிக்கையாளரே வைத்திருக்கிற வசதி கூகுளிலும் உண்டு, அது பெரிய நிறுவனங்களுக்கான விலைகூடிய திட்டங்களில்தான் கிடைக்கும், உங்களுக்குச் சரிவராது. உங்களுக்குத் தேவை, கோப்பு உங்கள் போனிலோ லாப்டொப்பிலோ பூட்டப்பட்ட பிறகே சேவருக்கு, அதாவது சேவை நடத்துகிறவர்களின் கணினிக்குப் போகிற மாதிரியான ஒன்று.

சீட்டுக்கு கிரிப்ட்பேட் என்ற இணையச் சேவையைப் பாருங்கள். பிரான்ஸில் செய்தது, திறந்த மூலம் (நிரலை எவரும் பார்க்கலாம்), இலவசக் கணக்கில் 1 ஜிபி தருகிறார்கள், உங்கள் கணக்குவழக்குக்கு அது போதும். அதில் அணி ஒன்று உருவாக்கி, யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று தனித்தனியாகக் கொடுக்கலாம். ஆனால் கவனம்: ஆவணத்தின் சாவி அந்த இணைப்பிலேயே, # குறிக்குப் பின்னால் இருக்கிறது. பிரவுசர் அந்தப் பகுதியை சேவருக்கு அனுப்பாது, அதனால்தான் அவர்களால் உள்ளே பார்க்க முடியாது. அதே காரணத்தால், இணைப்பைத் தூக்கி வட்ஸ்அப்பில் போட்டீர்கள் என்றால் சாவியையே போட்ட மாதிரி. இணைப்பாகப் பகிராமல் அணிக்குள் ஆளைச் சேருங்கள், சம்பளச் சீட்டுக்கு மேலதிகமாகக் கடவுச்சொல்லும் போடுங்கள்.

படங்களுக்கும் பிடிஎஃப்களுக்கும் புரோட்டன் டிரைவ் என்ற சேமிப்புச் சேவை. சுவிட்சர்லாந்துக்காரர்கள், 2024 இலிருந்து சேர்ந்து எழுதுகிற ஆவண வசதியும் அதில் இருக்கிறது. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், உள்ளடக்கம் பூட்டியிருந்தாலும் யார், எங்கிருந்து நுழைந்தார் என்பது வேறு கதை. 2021 இல் சுவிஸ் அதிகாரிகளின் உத்தரவுக்குப் பணிந்து பிரெஞ்சு செயற்பாட்டாளர் ஒருவரின் ஐபி முகவரியை (எந்த இணைய இணைப்பிலிருந்து நுழைந்தார் என்று காட்டுகிற எண்) புரோட்டன் கொடுக்க வேண்டி வந்தது. விடுதிக்கு அது பெரிய பிரச்சினை இல்லை, ஆனால் என்கிரிப்ட் என்றவுடன் எல்லாமே மறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.

கிண்ணியா_கரை:
செயலி எதுவாக இருந்தாலும் இருக்கட்டும், உங்கள் ஓட்டை வட்ஸ்அப் குழுவில் இருக்கிறது. 2016 இலிருந்து வட்ஸ்அப் செய்தி முழுக்க என்கிரிப்ட் ஆகித்தான் போகிறது, சரி. போய்ச் சேர்ந்த பிறகு? குழுவில் இருக்கிற அத்தனை போனின் கேலரியிலும் படம் தானாக இறங்கும், சிலர் கூகுள் போட்டோஸில் வட்ஸ்அப் ஃபோல்டரையும் பேக்அப்புக்கு விட்டிருப்பார்கள், அங்கேயும் ஏறிவிடும். குழுவில் அழித்தாலும் அந்தப் பிரதிகள் அப்படியே கிடக்கும், மறைந்துபோகும் செய்தியைப் போட்டாலும் கேலரிக்கு இறங்கியது போகாது. வட்ஸ்அப் பேக்அப்பும் தானாக முழு என்கிரிப்ட் ஆகாது, 2021 இல் வந்த அந்த வசதியை ஒவ்வொருவரும் தன் போனில், அரட்டைப் பேக்அப் பகுதிக்குள் போய் 'ஒன்' செய்ய வேண்டும்.

என் யோசனை, கடவுச்சீட்டைப் பெடியளின் போனில் எடுக்கவே விடாதீர்கள். விடுதிக்கென்று ஒரு போன், பூட்டு எண்ணோடு, வரவேற்பு மேசையை விட்டு நகரக்கூடாது. அதில் புரோட்டன் டிரைவ் செயலி. படம் எடுத்து ஏற்றியதும் கேலரியில் அழிக்க வேண்டும், கேலரியின் குப்பைக்கூடையிலும் அழிக்க வேண்டும், அங்கே கொஞ்ச நாள் கிடக்கும் என்று பலருக்குத் தெரியாது. படகுக்காரருக்கு எத்தனை பேர், எத்தனை மணி என்பது போதும். கடவுச்சீட்டு இலக்கம் அவருக்கு எதற்கு?

இன்னொன்று, கிரிப்ட்பேட் சீட் பழைய போனில் நன்றாகத் திணறும். லாப்டொப்பில் திறவுங்கள்.

உவர்மலை_கணக்கர்:
மேலே இருவரும் சொன்னது சரி. நான் கணக்குப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

இந்த மாதிரிச் செயலிகளில் கடவுச்சொல்லை மறந்தால் 'மறந்துவிட்டேன்' பட்டனை அழுத்தி எல்லாவற்றையும் திரும்ப எடுக்க முடியாது. கிரிப்ட்பேட்டில் கடவுச்சொல் போனால் கணக்கே போனது. புரோட்டனில் மீட்புச் சொற்றொடர் ஒன்று தருவார்கள், அது இல்லாமல் கடவுச்சொல்லை மாற்றினால் கணக்குக்குள் போகலாம், பழைய கோப்புகள் பூட்டியபடியே இருக்கும். எங்களிடம் கணக்குப் பார்க்கிற நிலாவெளிப் படகுக்காரர் ஒருவரின் போன் கடலில் விழுந்தது, கடவுச்சொல்லுக்குப் பிறகு கேட்கிற இரண்டாம் கட்டக் குறியீடு வருகிற செயலியும் அதோடு போய்விட்டது. மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வீட்டு அலுமாரியில் வைத்திருந்தார் மனைவி, அதனால் அன்றைக்கே திரும்ப உள்ளே போக முடிந்தது. நீங்களும் தாளில் எழுதுங்கள், இரண்டு பிரதி, இரண்டு வெவ்வேறு இடம். அணியில் உரிமையாளராக இரண்டு பேர் இருக்கட்டும், அம்மாவோ அப்பாவோ கட்டாயம் ஒருவர்.

மாதக் கடைசியில் எல்லாவற்றையும் இறக்கி ஒரு வெளி டிஸ்கில் வையுங்கள், டிஸ்கையும் என்கிரிப்ட் செய்து. ஸ்கிஃப் என்று ஒரு என்கிரிப்ட் சேவை நன்றாகத்தான் ஓடியது, 2024 பெப்ரவரியில் நோஷன் என்ற நிறுவனம் வாங்கியது, சில மாதத்தில் மூடிவிட்டார்கள். நம் இலங்கையிலேயே 2023 இல் அரசாங்க கிளவுட்டில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கிற நச்சு நிரல்) புகுந்து, மே 17 இலிருந்து ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் அழிந்தன, அந்தக் காலத்துக்குப் பேக்அப் இருக்கவில்லை. பூட்டு வேறு, பிரதி வேறு, இரண்டும் வேண்டும்.

சட்டமும் இருக்கிறது: 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். அமுலுக்கு வரும் திகதிகள் தள்ளிப்போயிருக்கின்றன, ஆனால் உங்கள் ஜெர்மன்காரரின் கேள்வி அதில் அப்படியே இருக்கிறது, எந்த நோக்கத்துக்கு வாங்கினோமோ அதற்குத் தேவையான காலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. தண்டப்பணம் ஒரு கோடி ரூபாய் வரைக்கும் போகலாம்.

உப்புவெளி_விடுதி:
மிகவும் நன்றி, இவ்வளவு விளக்கமாக யாரும் சொல்லவில்லை. சம்பளமும் விலையும் கிரிப்ட்பேட்டுக்கு, கடவுச்சீட்டு புரோட்டனுக்கு, வரவேற்பில் தனிப் போன். அப்பா இரண்டாவது உரிமையாளர். பழைய கூகுள் சீட்டை என்ன செய்வது? நேராக அழிக்கவா?

டொக்யாட்வீதி_நெற்:
உடனே அழிக்க வேண்டாம். இன்றைக்கே பகிர்வை 'கட்டுப்படுத்தப்பட்டது' என்று மாற்றுங்கள், பெயர் போட்டுச் சேர்த்தவர்கள் இருந்தால் அவர்களையும் எடுங்கள். பிறகு ஒரு பிரதி இறக்கி, புதிய சீட்டோடு சம்பளத் தொகை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், சரி என்றால் அழித்து டிரைவின் குப்பையையும் காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் 30 நாள் அங்கேயே இருக்கும். முன்பு வேலை செய்தவர்களுக்கு நீங்களே போன் எடுத்து, கேலரியில் இருக்கிற படங்களை அழிக்கச் சொல்லுங்கள். குழுவை மூடுவதற்கு முன்னால் சொன்னால் நல்லது, எந்தப் படங்கள் என்று அவர்களுக்குத் தேட லேசாக இருக்கும்.